மாப்பிள்ளை ஊர்த் தண்ணி

உங்க வீட்ல கல்யாண வயசுல ஒரு பொண்ணு இருக்கு. சரிதானே? இல்லையா? அப்ப பையன்? ஒரே பிள்ளை, அதுவும் ஒண்ணாங் கிளாஸ்தானா? அட போங்க சார், என் கணக்கு எப்பவும் தப்பாது, இன்னைக்கு சந்தோஷத்துல தப்பிடுச்சு. கொஞ்சம் நகந்து உக்காருங்க. மன்னார்குடியிலேர்ந்து நின்னுக்கிட்டே வர்றேன். திருத்துறைப்பூண்டி போறதுக்குள்ள யார்கிட்டயாவது பேசியாகணும், இல்லேன்னா எனக்கு பஸ் பயணமே ஓடாது.

என் பேரு உத்திராபதி. கல்யாணத் தரகர். ஊரு வடகாட்டுக்குடி, கோரையாத்துப் பாசனம். என்னை நீங்க செல்போன்ல பாத்திருப்பீங்களே? மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு, மைக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு? பாக்கலியா? ஊரே பாத்துச்சு சார். துபாய்லேர்ந்து ஆளுங்க போன் பண்றாங்க, "மாமா, இன்னொரு தடவை பேசுங்க"ன்னு. சரி, பாக்கலேன்னா போவுது. நானே சொல்றேன். வீடியோவ விட நான் சொன்னா நல்லாருக்கும், அதுல என் கை ஆட்டம் பாதி விட்டுப்போச்சு.

போன கோடையில நடந்தது. ஒரு நாள் காலையில நம்ம வீட்டு வாசல்ல பெரிய கார் ஒண்ணு வந்து நிக்குது. மாப்பிள்ளை வீடுதான் வருதுன்னு நெனச்சு அவசரமா விபூதி பூசிக்கிட்டு வந்தேன். எறங்கினது ஒரு பையன். நிரஞ்சன்னு பேரு, மெட்ராஸ், மொழுமொழுன்னு இருந்தான். ஒரு எரிவாயுக் கம்பெனியில ஜனங்களோட பேசற வேலையாம் அவனுக்கு. கம்பெனி பேரு உங்களுக்கு வேண்டாம். தொழில்ல ரெண்டு பக்கத்துப் பேரையும் வெளிய விடக்கூடாது, அது என் வழக்கம்.

அவன் சொன்னான்: "ஐயா, உங்க ஊர்ல பூமிக்கு அடியில பாறை இருக்கு. பாறைக்குள்ள வாயு இருக்கு. அத எடுக்க நாங்க கெணறு தோண்டணும். அதுக்கு முன்னாடி கலெக்டர் தலைமையில கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். ஜனங்க சம்மதிக்கணும். ஜனங்க எங்கள நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க முன்ன பின்ன தெரியாத ரெண்டு குடும்பத்த ஒண்ணு சேக்கறவரு. எங்களையும் ஊரையும் சேத்து வைங்க."

எனக்கு அப்படியே குளுந்துபோச்சு சார். ஆயுசு பூரா என்னை புரோக்கர், புரோக்கர்னுதான் கூப்புடறாங்க. மாட்டுச் சந்தையில சொல்ற மாதிரி. இவன் என்னைப் படிச்சவன் மாதிரி பேசறான். அதோட விடல, ஒரு கார்டு குடுத்தான். இந்தா பாருங்க, கழுத்துல. நீல நாடா. 'சமூகத் தொடர்பு ஆலோசகர்.' அப்புறமா திருப்பிக் கேட்டாங்க, நான் குடுக்கல. போட்டோவுல இருக்கறது என் மூஞ்சிதானே, அவங்களுக்கு என்னாத்துக்கு?

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இது சம்பந்தம். கம்பெனி மாப்பிள்ளை. நம்ம ஊரு பொண்ணு. அப்படித்தான் இத நடத்தணும், நமக்குத் தெரிஞ்ச முறை அதுதான்.

எங்க தொழில்ல முதல் முறை என்னா தெரியுமா? விசாரிக்கறது. மாப்பிள்ளை இதுக்கு முன்னாடி இருந்த ஊருக்குப் போய் அக்கம்பக்கத்துல விசாரிக்காம நான் ஒரு ஜாதகத்தையும் கையால தொட மாட்டேன். கம்பெனி ஏற்கெனவே கெணறு போட்ட ஊரு ஒண்ணு பக்கத்து ஜில்லாவுல இருக்கு. நிரஞ்சன்கிட்டகூட சொல்லல. பஸ் ஏறிப் போய்ட்டேன்.

அடேயப்பா! என்னா ஊருங்கறீங்க! அசந்துட்டேன். அத அப்புறம் சொல்றேன், கூட்டத்துல அதைத்தானே பேசினேன்.

கூட்டம் எங்க ஊருக் கல்யாண மண்டபத்துல. என் மண்டபம் மாதிரிதான் அது, எத்தனை முகூர்த்தம் பாத்திருக்கேன்! வாழைமரம் கட்டச் சொன்னேன். நிரஞ்சன் வேண்டாம்னான், நான் கட்டிட்டேன். தாம்பாளத்துல வெத்தல பாக்கு, பூ, பழம். கலெக்டர் அம்மா உள்ள வந்து, "இங்க ஏதும் கல்யாணமா?"ன்னாங்க. "கிட்டத்தட்ட"ன்னேன்.

அன்னைக்குக் காலையிலேயே எனக்கும் நிரஞ்சனுக்கும் ஒரு தகராறு. அவன் வடை பாயசத்தோட ஊருக்கே சமைச்சு வச்சிருக்கான். வந்த ஜனத்துக்கு முதல்ல சாப்பாடு போட்டு, அப்புறம் கூட்டம் நடத்தணும்னு அவன் திட்டம். நான் குறுக்க விழுந்து தடுத்துட்டேன். "தம்பி, இந்தப் பக்கத்து முறை தெரியாது உனக்கு. பேசி முடியாம கை நனைக்க மாட்டாங்க. பொண்ணு பாக்கப் போன வீட்ல காப்பி குடிப்போம், பஜ்ஜி திம்போம். சோத்துல கை வச்சா சம்மதம்னு அர்த்தம். முதல்லயே போட்டா ஏமாத்தறான்னு நெனப்பாங்க. முதல்ல பேச்சு, சம்மதம் ஆனதும் பந்தி." அவன் பேந்தப் பேந்த முழிச்சான். ஆனா கேட்டுக்கிட்டான். நல்ல பையன். அதனால சாம்பார் வாசம் மண்டபம் பூரா சுத்திக்கிட்டு இருக்க, ஜனமெல்லாம் வெறும் வயித்தோட நாக்காலியில உக்காந்திருந்துச்சு.

முதல்ல கம்பெனி இன்ஜினீயர் பேசினாரு. திரையில படம் போட்டு விளக்கினாரு. தண்ணியோட மணலையும் ஏதோ மருந்தையும் கலந்து, பூமிக்கடியில ஆழத்துல இருக்கற பாறைக்குள்ள பயங்கர வேகத்துல அடிப்பாங்களாம். பாறை விரிசல் விடுமாம். அந்த விரிசல் வழியா வாயு மேல வருமாம். நீரியல் விரிசல்னு பேரு. "எவ்வளவு தண்ணி அடிப்பீங்க?"ன்னு பின்னால ஒருத்தன் கேட்டான். "தேவையான அளவு"ன்னாரு. "அடிச்ச தண்ணி என்ன ஆகும்?" "கொஞ்சம் மேல வரும், கொஞ்சம் உள்ளயே தங்கும்." "தங்குனது எங்க போகும்?" அவரு அடுத்த படத்தைப் போட்டுட்டாரு. எல்லாம் பச்சைப் பசேல்னு வயலு, நடுவுல குட்டியா ஒரு குழாய். அழகா இருந்துச்சு.

அப்புறம் விவசாய சங்கத் தலைவர் தியாகசுந்தரம் எந்திரிச்சாரு. கம்பெனிக்கு எதிர்க்கட்சி. நல்ல மனுஷன், ஆனா பேசத் தெரியாது சார். டிஎம்சி, உப்புத்தன்மை, நிலத்தடி நீர்க் கொள்கை, அந்தச் சட்டம், இந்தப் பிரிவுன்னு பேப்பரைப் பாத்துப் படிச்சாரு. பாதிப் பேரு கொட்டாவி விட்டாங்க, மீதிப் பேரு சமையக்கட்டுப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நிரஞ்சன் என்னைப் பாத்து கட்டை விரலை உயர்த்தினான். இப்ப நீங்க பேசுங்கன்னு அர்த்தம்.

மைக்கை வாங்கினேன். நான் எப்படிப் பேசுவேன்னு உங்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்குக் கோவம் வரும்னா, 'பொறுப்பானவரு'ம்பேன். வேலைக்குப் போகலேன்னா, 'வீட்டுப் பிள்ளை'ம்பேன். பொய் மட்டும் சொல்ல மாட்டேன். இருக்கறத நல்லபடியா சொல்லுவேன். அதுக்கு ஒரு வாக்கு வேணும், அது எனக்கு இருக்கு.

"பெரியோர்களே, தாய்மார்களே! யாரோ சொன்னத வச்சுப் பேசறவன் நான் இல்ல. மாப்பிள்ளை இருந்த ஊருக்கே போய் விசாரிச்சுட்டு வந்திருக்கேன்"னேன் பாருங்க, கொட்டாவி விட்ட வாயெல்லாம் மூடிக்கிச்சு. தியாகசுந்தரம் பேப்பரைக் கீழ வச்சுட்டாரு. நிரஞ்சன்கூட ஆச்சரியமா பாத்தான். அவனுக்கே தெரியாதே.

"எப்பேர்ப்பட்ட வசதியான ஊரு தெரியுமா? ஒரு வீட்டுக்குப் போய் தண்ணி கேட்டேன். தண்ணியா குடுத்தாங்க? கலர் சோடா உடைச்சுக் குடுத்தாங்க! அடுத்த வீடு. அங்கயும் கலர். தண்ணி கேட்டா கலர் குடுக்கற ஊர நீங்க பாத்திருக்கீங்களா? அந்த ஊர்ப் பொம்பளைங்க கொடம் தூக்கறதே கிடையாது. வீட்டுக்கு வீடு கேன் தண்ணி, வேன்ல வந்து எறங்குது. பட்டணத்து வாழ்க்கை!"

ஜனம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குது. நான் விடுவேனா?

"ரோடு எவ்வளவு அகலம்ங்கறீங்க! லாரி மேல லாரி போயிக்கிட்டே இருக்கு, ஊரே ஜேஜேன்னு இருக்கு. குளத்துல ஒரு தவளை கத்தாது. கொசு கிடையாது. அமைதின்னா அப்பேர்ப்பட்ட அமைதி. மாடுங்களுக்கு என்னா ஒழுக்கம்! குளத்துல எறங்காதுங்க, கரையிலயே நின்னு பாத்துட்டு மரியாதையா திரும்பிப் போகுது. வயல் வேலைன்னு யாரும் முதுகு ஒடியறதில்ல. எல்லாரும் பட்டப் பகல்ல வேப்பமர நிழல்ல உக்காந்து சீட்டு ஆடறாங்க. பிள்ளைங்க பூரா திருப்பூர்ல, பெங்களூர்ல உத்தியோகம். ஊருல ஒரு வாலிபன் தங்கல!"

கலெக்டர் அம்மா வாயைக் கையால மறைச்சுக்கிட்டாங்க. பேச்சு பிடிச்சிருக்கும். நிரஞ்சன் என் வேட்டி நுனியைப் பிடிச்சு இழுத்தான். எனக்கு வேகம் வந்துட்டா யார் இழுத்தாலும் நிக்காது.

"எல்லாத்தையும் விட முக்கியமான சேதி. அந்த ஊர்ல எந்த வீட்ல கேட்டாலும், வெளியூர் உத்தியோகத்துல கல்யாணத்துக்கு ஒரு பையன் காத்திருக்கான். நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கு இனிமே மாப்பிள்ளைப் பஞ்சமே கிடையாது!"

அப்பத்தான் கமலவேணி எந்திரிச்சுச்சு. மகளிர் குழுத் தலைவி. நான் முடிச்சு வச்ச கல்யாணம்தான் அது, இந்த ஊருக்கு நான் கொண்டாந்த பொண்ணு. அந்த விசுவாசமாவது இருக்க வேண்டாமா?

"அண்ணே, அத்தனை பையன் இருக்கான்னீங்களே. அந்த ஊருக்கு ஒரு பொண்ணாவது முடிச்சுக் குடுத்திருக்கீங்களா?"

"அங்க போய்ட்டு வந்ததுலேர்ந்து முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கேம்மா"ன்னேன். "பொண்ணு வீட்டுக்காரங்க ஆர்வமாத்தான் வர்றாங்க. பிள்ளையப் பிடிக்குது, குடும்பத்தப் பிடிக்குது. கொல்லைப்பக்கம் கை கழுவப் போவாங்க. திரும்பி வந்ததும் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கறாங்க. என்னா அவசரமோ!"

"உங்க மங்கைக்கும் வரன் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க? அந்த ஊர்ல குடுப்பீங்களா?"

மங்கை என் பொண்ணு சார். மங்கையர்க்கரசி. ஒரே பொண்ணு. அவ பேரைச் சொன்னாலே எனக்கு நெஞ்சு நெறஞ்சுடும். தலைக்குக் குளிச்சுட்டு ஈரத் தலையோட கொல்லையில நின்னு பாடுவா பாருங்க, தெருவே நின்னு கேக்கும். அவளைப் போய் திடுதிப்புனு இந்தப் பேச்சுல இழுத்ததும் எனக்கு என்னா சொல்றோம்னே தெரியல. வாயில வந்தது வந்துடுச்சு.

"என் பொண்ணையா? எனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

மைக் வாய்கிட்டயே இருந்துச்சு.

முதல்ல யாரோ ஒரு பொம்பளை சிரிச்சா. அப்புறம் ஒரு வரிசை. அப்புறம் மண்டபமே குலுங்குது சார்! வெத்தலைத் தட்டு கீழ விழுந்து உருண்டுச்சு. பதிவு எழுதற அலுவலர் பேனாவ வச்சுட்டு கண்ணைத் துடைச்சுக்கறாரு. நான் கத்தறேன், "ஜாதகத்த மனசுல வச்சு சொன்னேன்! அவளுக்கு மேற்குத் திசை ஆகாது!"ன்னு. யார் காதுல விழுது? சிரிப்பு அடங்கினப்ப பாத்தா எல்லா முகமும் மாறியிருந்துச்சு. கமலவேணி கண்ணுல தண்ணி. நாக்காலியெல்லாம் தடதடன்னு நகருது. ஒருத்தர் பின்னால ஒருத்தரா மேடைக்கு வந்து, எங்க ஊருக்கு இது வேண்டாம், எழுதிக்குங்கன்னு சொல்லிட்டு எறங்கிப் போறாங்க. சமையக்கட்ட யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. ஒருத்தரும் கை நனைக்கல. பாயசம் ஏடு கட்டிப் போச்சு. நிரஞ்சன் தலையில கை வச்சு பந்தியில தனியா உக்காந்திருந்தான். "நீயாவது சாப்புடு தம்பி"ன்னேன். அவன் என்னைப் பாத்த பார்வை இருக்கே, பாவம், பசி மயக்கம்.

முறிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். பேச்சு இழுத்துக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். எத்தனை சம்பந்தம் இழுத்து இழுத்து முடிஞ்சிருக்கு!

என் பேச்சு என்னா வேலை செஞ்சிருக்குன்னு நீங்களே சொல்லுங்க. எதிர்க்கட்சித் தியாகசுந்தரம் மண்டப வாசல்ல என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. தழுதழுத்துப் போய்ட்டாரு. "உத்திராபதி, இத்தனை வருசமா நாங்க பேசினது ஒண்ணுமே இல்ல. இன்னமே நீங்கதான் பேசணும்"னாரு. எதிரியையே கரைச்சுட்டேன் சார்! அதுலேர்ந்து எந்த ஊர்ல கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தாலும் சங்கத்துக்காரங்க எனக்குப் போன் பண்ணிடறாங்க. "வந்து கம்பெனிய ஆதரிச்சுப் பேசுங்க. அன்னைக்குப் பேசின மாதிரியே. ஒரு வார்த்தைகூட மாத்தாதீங்க." என்னா ஜனநாயகம் பாருங்க! எதிர் பக்கத்துக் கருத்தையும் கேக்கணும்னு கூப்பிட்டு மாலை போடறாங்க.

கம்பெனியும் என்மேல உசிரா இருக்கு. நிரஞ்சன் போன வாரம்கூடப் பேசினான். "ஐயா, நீங்க ரொம்ப உழைச்சுட்டீங்க. காசிக்கு டிக்கெட் போட்டுத் தர்றோம். இந்த மாசம் பூரா அங்கயே தங்கிட்டு வாங்க"ங்கறான். குரலே நடுங்குது பாவம், அவ்வளவு பாசம். "கடமை இருக்கு தம்பி, கூட்டமெல்லாம் முடியட்டும்"னுட்டேன். அந்தப் பக்கம் ஏதோ கீழ விழுந்து உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு.

மங்கை? அவளுக்கென்ன, நல்லாருக்கா. அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். எல்லாம் அவ காதுக்குப் போயிருந்துச்சு. சோறு போட்டுக்கிட்டே கேட்டா, "ஏம்ப்பா, அந்த ஊருக்கு என்னை அனுப்ப மாட்டியாமே? அந்த ஊர மட்டும் இங்க கூட்டிக்கிட்டு வரலாமா?"

ரசம் ஊத்துன்னேன்.

சின்னப் புள்ள. விவரம் தெரியாது. அந்த ஊரு எப்படி இங்க வரும், சொல்லுங்க? ஊரு நடந்தா வரும்? ஆனா சார், அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல. ஏன்னு தெரியல. மண்டபத்துல அவ்வளவு நேரம் பட்டினி கெடந்ததுல வயிறு ஒட்டிப்போச்சுபோல.

இன்னைக்குக் கூட்டத்துக்குப் புதுசா விஷயம் வச்சிருக்கேன். நேத்து மறுபடியும் அந்த ஊருக்குப் போய்ட்டு வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு அடிக்கடி லீவு விடறாங்களாம், குழாய்ல தண்ணி வரலேன்னு. பிள்ளைங்களுக்கு என்னா கும்மாளம்! அத முதல்ல சொல்லிட்டுத்தான் கேன் தண்ணிக்கு வரணும்னு இருக்கேன். எடுத்த எடுப்புலயே ஜனங்க மனசுல உக்காந்துக்கும். நல்லாருக்குல்ல? நீங்க ஏன் இப்படி சிரிக்கிறீங்க? எல்லாரும் இப்படித்தான் சிரிக்கிறாங்க. நான் பேசினா ஜனங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

திருத்துறைப்பூண்டி வந்துடுச்சு. அந்தா பாருங்க, பச்சைத் துண்டு போட்டுக்கிட்டு, மாலையோட. சங்கத்துக்காரங்கதான், எனக்காகத்தான். நான் எறங்கறேன். உங்களுக்குத் தொண்டை காஞ்சிருக்கும்போல, இருமுறீங்களே. இந்தாங்க பாட்டில், வாய் வச்சே குடிங்க, பரவால்ல. எங்க வீட்டு அடி பம்பு தண்ணி. மங்கை பிடிச்சுக் குடுத்தது. எப்படி இருக்கு, இளநி மாதிரி இல்ல? ஒரு வாய் மட்டும் குடிச்சுட்டுக் குடுத்துடுங்க சார், முழுசா காலி பண்ணிடாதீங்க. கூட்டத்துல எனக்கு இதுதான் வேணும், எங்க போனாலும் கையோட கொண்டு போயிடுவேன். அந்தக் கேன் தண்ணி கருமம் எனக்கு ஒத்துக்கறதே இல்ல.